பெரிய இன்ஜின் ஏற்றிய சின்ன பிக்கப்: தொந்தரவைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

சின்ன பிக்கப்பில் இருந்த நாலு சிலிண்டரையோ வி-6-ஐயோ கழற்றிவிட்டு எட்டு சிலிண்டர் வி-8 ஒன்றை இறக்கியாகிவிட்டது. பானெட் மூடுகிறது. ஆயிலும் தண்ணீரும் ஊற்றியாயிற்று. சாவியைத் திருப்புகிறீர்கள். அதற்கப்புறம் நடப்பதைப் பற்றித்தான் இது.

இன்ஜினை எப்படி ஏற்றுவது என்று சொல்ல ஆள் நிறைய உண்டு. ஏற்றிய பிறகு வரும் தொந்தரவுகளைத்தான் ஆளாளுக்குத் தனியாக முட்டி மோதிக் கற்றுக்கொள்கிறோம். நான் பார்த்த அளவில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து எடுத்த இன்ஜின் இடம் மாறியதாலேயே கெட்டுப்போவது அபூர்வம். பழைய வண்டியும் புது இன்ஜினும் சந்திக்கிற இடத்தில், நாம் வெட்டி ஒட்டிய இடத்தில்தான் கோளாறு உட்கார்ந்திருக்கும். வயர், ஹோஸ், பிராக்கெட், போல்ட் என்று நீங்கள் மாற்றியது ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எழுதவில்லையா? இப்போது உட்கார்ந்து எழுதுங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு வண்டிகளை அடிக்கடி இழுப்பேன். ஒன்று செவ்ரோலெட் எஸ்-10. அதன் 4.3 லிட்டர் வி-6 என்பது பழைய ஸ்மால் பிளாக் வி-8-இல் இரண்டு சிலிண்டரைக் குறைத்த வடிவம்தான். கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்கின் போல்ட் துளைகள்கூட ஒன்றே. அதனால் பலரும் அதில் வி-8 ஏற்றுகிறார்கள். இன்னொன்று ஃபோர்டு ரேஞ்சர். 1996 முதல் 2001 வரை எக்ஸ்ப்ளோரரில் 5.0 லிட்டர் வி-8 வந்தது. அதன் முன்பக்க பெல்ட் அமைப்பு நீளம் குறைவு என்பதால் ரேஞ்சரின் சின்ன வயிற்றுக்குள் அடங்கும். உங்கள் வண்டி வேறாக இருக்கலாம், தேடும் முறை இதேதான்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், ஃப்யூயல் பிரஷர் கேஜ், கோணம் அளக்கும் கருவி, ஸ்கேனர். பக்கத்தில் ஒரு தீயணைப்பான். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது அது எட்டுகிற தூரத்தில் இருக்கட்டும், டிக்கியில் வேண்டாம்.

சாவியைத் திருப்பினால் 'டக்' மட்டும்

பேட்டரி நன்றாக இருக்கிறது, ஹெட்லைட் பளீரென்று எரிகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றவில்லை என்றால் முதலில் எர்த்தைப் பாருங்கள். பழைய இன்ஜினிலிருந்து பாடிக்கும் சேசிஸுக்கும் போன எர்த் பட்டைகள் பழைய இன்ஜினோடு போயிருக்கும். புது மவுண்டில் ரப்பர் இருக்கிறது; பெயிண்ட் அடித்த சேசிஸ் மேல் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் திரும்பிப் போக வழியே இல்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போதவில்லை. வயர் தொடர்பு இருக்கிறதா என்று பீப் சத்தம் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஸ்டார்ட்டர் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த ஒரு இழை தாங்காது.

எர்த் இல்லாதபோது கரண்ட் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். ஒருமுறை சாவியைத் திருப்பியபோது ஆக்சிலரேட்டர் கேபிளின் உறையிலிருந்து மெல்லிய புகை வந்தது. கேபிளில் என்ன கரண்ட் என்று ஒரு நிமிடம் திகைத்து நின்றேன். பாடியையும் இன்ஜினையும் உலோகத்தால் இணைத்திருந்தது அந்தக் கேபிள் மட்டும்தான். பட்டை போட்டதும் எல்லாம் அடங்கியது. கேபிளைத்தான் மாற்ற வேண்டியதாயிற்று, உள்ளே வெந்துபோயிருந்தது.

குளிர்ந்திருக்கும்போது நன்றாகச் சுற்றி, ஓடிச் சூடான பிறகு மட்டும் முக்கி முனகுகிறது என்றால் சைலன்சர் குழாய் ஸ்டார்ட்டரை வேக வைக்கிறது. சின்ன வண்டியில் பெரிய இன்ஜின் என்றால் இடைவெளி விரலளவுதான் மிஞ்சும். தகட்டு மறைப்பு ஒன்று போடுங்கள், கேபிளையும் தடிமனாக்குங்கள்.

ஸ்டார்ட்டர் அலறுகிறது, பல் கடிக்கிறது

இது பெரும்பாலும் பல் எண்ணிக்கைப் பிரச்சினை. செவ்ரோலெட் ஸ்மால் பிளாக்கில், ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றுகிற பல் சக்கரமான ஃபிளைவீல் இரண்டு அளவில் வரும்: 153 பல், 168 பல். சின்னதுக்கு விட்டம் 12¾ அங்குலம், பெரியதுக்கு 14. ஸ்டார்ட்டரின் மூக்கு ஒன்றுக்கு அமைந்தால் இன்னொன்றுக்கு எட்டாது, அல்லது இடித்துக்கொள்ளும். 'கொஞ்சம் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் சரியாகிவிடும்' என்று ஒரு மணி நேரம் போராடுவதற்கு முன், பல்லை எண்ணிவிடுங்கள். அலுப்பான வேலைதான். மாக்கட்டியால் ஒரு பல்லில் கோடு போட்டுத் தொடங்கினால் தப்பாது.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

இங்கேதான் ஆட்கள் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாக.

நான் செய்த முதல் வண்டியில் ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றும், இன்ஜினில் உயிரே இருக்காது. சலித்துப்போய்ச் சாவியை விடுகிற அந்த நொடியில் மட்டும் ஒரு 'பக்'. ஒரு சிலிண்டர் எரிந்து அடங்கும். இரண்டு நாள் டைமிங்கைக் குறை சொன்னேன். மூன்றாம் நாள், தீப்பொறி தரும் காயிலுக்குப் போகும் வயரில் டெஸ்ட் லாம்பை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். 'ஆன்' நிலையில் விளக்கு எரிந்தது. 'ஸ்டார்ட்' நிலைக்குப் போனதும் அணைந்தது. சாவியை விட்டதும் மறுபடி எரிந்தது. ரேடியோவுக்குக் கரண்ட் கொடுக்கிற வயரிலிருந்து இக்னிஷனுக்கு எடுத்திருக்கிறேன்! ஸ்டார்ட்டர் சுற்றும்போது ரேடியோவும் ஃபேனும் கரண்ட் தின்னக் கூடாது என்பதற்காக அந்த வயரைச் சாவியே வெட்டிவிடும். பெரும்பாலான வண்டிகளில் அப்படித்தான்.

ஆகவே சாவியை விடும்போது மட்டும் பிடிப்பது போலத் தெரிந்தால் வேறெதையும் தொடாதீர்கள். 'ஆன்' நிலையிலும் 'ஸ்டார்ட்' நிலையிலும் 12 வோல்ட் இருக்கிற வயரைத் தேடி எடுங்கள். ஜி.எம். (செவ்ரோலெட்டின் தாய் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ்) வண்டிகளில் பெரும்பாலும் அது இளஞ்சிவப்பு நிறம். ஆனாலும் நிறத்தை நம்பாமல் விளக்கை நம்புங்கள். உங்களுக்கு முன்னால் யார் எந்த வயரை ஒட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்.

அது சரியாக இருந்தால், தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று பிரியுங்கள். இரண்டும் இல்லை என்றால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியவில்லை. ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்.பி.எம். எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 200 போல ஏதாவது காட்டினால் சிக்னல் போகிறது. சுழியம் என்றால், இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கைக் கவனிக்கிற கிராங்க் சென்சார் பக்கம் போங்கள்.

பழைய ஸ்மால் பிளாக்குக்குப் பின் வந்த ஜி.எம். எல்.எஸ். குடும்ப வி-8 இன்ஜின்களில் இதில் ஒரு பொறி உண்டு. முதலில் வந்த மூன்றாம் தலைமுறை இன்ஜின்களின் கிராங்கில் 24 பல் சக்கரம் இருக்கும். பின்னால் வந்த நான்காம் தலைமுறையில் பெரும்பாலும் 58 பல். பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மவுண்டும் ஒன்றாகவே உட்காரும். ஆனால் 24 பல்லை எதிர்பார்க்கிற கம்ப்யூட்டருக்கு 58 பல்லின் சிக்னல் புரியாது. அடையாளம் எளிது: 24 பல்லுக்குரிய சென்சார் கறுப்பு, 58 பல்லுக்குரியது சாம்பல் நிறம். ஸ்டார்ட்டரைக் கழற்றினால் அதன் பின்னால் தெரியும். பொருந்தவில்லை என்றால் கம்ப்யூட்டரை மாற்றுங்கள், இல்லையென்றால் சிக்னலை மாற்றிக்கொடுக்கும் பெட்டி ஒன்று நடுவில் வேண்டும்.

தீப்பொறி இருக்கிறது, பெட்ரோல் இல்லை என்றால் பிரஷர் கேஜை மாட்டுங்கள். எண்களைப் பாருங்கள்: கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. போதும். த்ராட்டில் பாடியிலேயே இன்ஜெக்டர் வைத்த பழைய ஜி.எம். அமைப்புக்கு 9 முதல் 13. எல்.எஸ். இன்ஜினுக்கோ 58. பழைய எஸ்-10-இன் டாங்குக்குள் இருக்கும் பம்ப் தன் பழைய இன்ஜினுக்கு வேண்டியதை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நாம் கேட்பது அதைப்போல ஐந்து மடங்கு. பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது என்பதை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, கேஜ் சொல்லட்டும்.

பிடிக்கிறது, இரண்டு விநாடியில் நிற்கிறது

ஒவ்வொரு முறையும் அச்சு அசல் அதே இரண்டு விநாடியா? அப்படியானால் திருட்டுத் தடுப்பு. இன்ஜினோடு எடுத்து வந்த கம்ப்யூட்டர், தன் பழைய வண்டியின் சாவியைத் தேடுகிறது. கிடைக்காததால் இன்ஜெக்டரை அணைத்துவிடுகிறது. அந்தக் கம்ப்யூட்டரில் தடுப்பு வசதியை மென்பொருளில் நீக்க வேண்டும். கையால் எதைத் திருகினாலும் பயன் இல்லை.

சில நேரம் இரண்டு, சில நேரம் பத்து விநாடி என்று ஓடி நின்றால் அது பெட்ரோல். சாவி போட்டதும் பம்ப் ஓரிரு விநாடி ஓடி நிரப்பிய அழுத்தத்தில் இன்ஜின் பிடிக்கிறது; அப்புறம் ரிலேக்குக் கட்டளை வரவில்லை. பம்ப் ரிலேயின் வயரிங்கைப் பாருங்கள்.

ஓடுகிறது, ஆனால் இருமுகிறது, வெடிக்கிறது

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள இன்ஜின் என்றால் பிளக் வயர் வரிசை. ஃபோர்டு 302-இல் (5.0 லிட்டர் வி-8-தான்; 302 என்பது கன அங்குலக் கணக்கு) இது பெயர்போன குழப்பம். சாதாரண 302-இன் வரிசை 1-5-4-2-6-3-7-8. ஹெச்.ஓ. (அதிக சக்தி) வகை 5.0-இன் வரிசை 1-3-7-2-6-5-4-8. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்: 1, 2, 6, 8 ஆகிய நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன, 3, 4, 5, 7 மட்டும் இடம் மாறுகின்றன. அதனால்தான் தப்பான வரிசையிலும் இன்ஜின் செத்துப்போகாமல் நாலு சிலிண்டரில் நொண்டிக்கொண்டு ஓடுகிறது. ஓடுகிறதே, டைமிங்தான் கொஞ்சம் தள்ளியிருக்கும் என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக்கொண்டே இருப்போம். வால்வு மூடியில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே இருக்கும் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) எது என்பதுதான் கணக்கு. முன்பு யாரோ கேமை மாற்றியிருந்தால் வரிசையும் மாறியிருக்கும். சந்தேகம் இருந்தால் ராக்கர் மூடியைத் திறந்து, கையால் கிராங்கைச் சுற்றி, முதல் சிலிண்டருக்கு அடுத்து எந்த சிலிண்டரின் வால்வுகள் திறந்து மூடுகின்றன என்று பாருங்கள். ஐந்தா, மூன்றா? அங்கேயே வழக்கு முடிந்தது.

கார்புரேட்டர் வழியாகத் தீ கக்கி, பிடிக்கவே மாட்டேன் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் 180 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. முதல் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் அடைத்து, கிராங்கைக் கையால் சுற்றுங்கள். விரலைக் காற்று தள்ளும்போது வருகிற பிஸ்டனின் மேல்நிலைதான் சரியான மேல்நிலை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் அப்போது முதல் வயரைப் பார்க்க வேண்டும்.

ஐடிலில் ஏறி இறங்குகிறது

பெரும்பாலும் காற்று எங்கிருந்தோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. மூடாமல் விட்ட வேக்குவம் குழாய் ஒன்று இன்ஜின் பின்புறம், ஃபயர்வால் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். காற்றளவு சென்சார் வைத்த இன்ஜினில், சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே நீங்கள் ஒட்டிய குழாய்களையும் பாருங்கள். சென்சாரில் அம்புக்குறி இருக்கும். அது இன்ஜினைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டுவது நினைப்பதைவிட எளிது.

ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும் கம்ப்யூட்டர் ஏமாறும். வெளிக்காற்றை முகர்ந்து பெட்ரோல் குறைவு என்று நினைத்து, மேலும் மேலும் ஊற்றும். புகை கறுப்பாகி, பிளக்கெல்லாம் கரி பிடித்தும் ஸ்கேனர் 'பெட்ரோல் போதவில்லை' என்று சொன்னால் சைலன்சர் இணைப்பைத் தடவிப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சூடாகிறது

சூடாகிறது என்று மட்டும் சொன்னால் பதில் சொல்ல முடியாது. எப்போது சூடாகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நிற்கும்போது சூடாகி, ஓடினால் தணிகிறதா? காற்றுப் பிரச்சினை. பெரிய இன்ஜின் வந்ததும் ரேடியேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இடம் போய்விடுகிறது. பழைய ஃபேனையும் அதைச் சுற்றிக் காற்றை வழிப்படுத்தும் கூண்டான ஷ்ரவுட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு மெல்லிய எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டியிருப்பீர்கள். ஷ்ரவுட் இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்குள் இருக்கிற காற்றை மட்டும்தான் இழுக்கும்; ரேடியேட்டரின் மூலைகளெல்லாம் சும்மா இருக்கும். ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் காட்டுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளிவிட்டால் ஃபேன் வயர் மாறிக் கிடக்கிறது, காற்றை எதிர்த்திசையில் வீசிக்கொண்டிருக்கிறது. மூலையிலும் ஒட்டுகிறதா பாருங்கள்.

ஓடும்போது சூடாகி, நின்றால் தணிகிறதா? அப்போது தண்ணீர். ரேடியேட்டரின் அளவு போதாமல் இருக்கலாம். நாலு சிலிண்டருக்கு வைத்த ரேடியேட்டர் ஏற்றத்தில் வி-8-இன் சூட்டைத் தாங்காது. இன்ஜின் வேகம் ஏறும்போது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறதா என்றும் கவனியுங்கள். அளவுக்கு ஏற்ற ஹோஸ் கிடைக்காமல் இரண்டு துண்டை ஒட்டியிருந்தால் இது நடக்கும்.

எப்போதும் சூடு, நிற்கும்போதும் ஓடும்போதும் ஒரே மாதிரி என்றால் இரண்டு காரணங்களை முதலில் கழியுங்கள். ஒன்று, வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுற்றுவது. பழைய வி-பெல்ட் ஸ்மால் பிளாக்கில் பம்ப் ஒரு பக்கம் சுற்றும். ஒற்றை அகலப் பெல்ட் அமைப்பு பலவற்றில் பெல்ட்டின் முதுகுப்பக்கம் பம்பைச் சுற்றுவதால் அது எதிர்ப்பக்கம் சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பம்ப்பும் ஒன்றே. உள்ளே இருக்கும் இறக்கை வேறு. பழைய பம்பில் புதுப் பெல்ட் அமைப்பைப் போட்டால் தண்ணீர் அசையும், ஓடாது. இரண்டாவது, எல்.எஸ். இன்ஜின் என்றால் தெர்மோஸ்டாட். அது வாட்டர் பம்பின் உள்வாயில், தண்ணீர் திரும்பி வருகிற பக்கத்தில் இருக்கிறது. ஹீட்டர் வேண்டாம் என்று அந்த இரண்டு குழாயையும் அடைத்துவிட்டால் சூடான தண்ணீர் தெர்மோஸ்டாட்டைச் சரியாக எட்டாது. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. அடைக்காதீர்கள், ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்.

முதல் நாள் மட்டும் முள் திடீரென்று துள்ளி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. எல்.எஸ். ஹெட்டின் உச்சியிலிருந்து ஒரு மெல்லிய ஆவிக்குழாய் வரும். பேனா தடிமன்கூட இருக்காது. இது எதுக்கு என்று அடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதை ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ விரிவுத் தொட்டிக்கோ கொண்டுபோக வேண்டும். வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ரேடியேட்டர் மூடி இன்ஜினைவிட உயரமாக இருக்கும்படி வைத்துத் தண்ணீர் ஊற்றினால் குமிழி தானாக மேலே வரும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

நன்றாக மிதித்தால் மூச்சு வாங்குகிறது

ஐடிலில் 58 காட்டிய பிரஷர் கேஜ் ஏற்றத்தில் என்ன காட்டுகிறது? நீளமான ஹோஸ் வைத்த கேஜை முன்கண்ணாடியின் வெளிப்பக்கம் டேப் போட்டு ஒட்டி, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கேபினுக்குள் பெட்ரோல் ஹோஸைக் கொண்டுவரக் கூடாது. மிதிக்கும்போது முள் சரிந்தால் பம்ப் போதவில்லை, அல்லது பம்புக்குப் போகும் வயர் மெல்லியது. பம்ப் முனையிலேயே வோல்ட் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். டாங்கில் கால்வாசி இருக்கும்போது, அதுவும் திருப்பத்தில் மட்டும் மூச்சு வாங்கினால் பம்ப்பின் வாய்க்குப் பெட்ரோல் எட்டவில்லை.

அதிர்வு

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இது. முதலில் அதிர்வு எதோடு ஏறுகிறது என்று பிரிக்க வேண்டும். வண்டி நிற்கும்போது நியூட்ரலில் வைத்து இன்ஜினை 2,500, 3,000 என்று ஏற்றுங்கள். அங்கேயே அதிர்ந்தால் கோளாறு இன்ஜின் பக்கம். நின்றபடி சுத்தமாக இருந்து, சாலையில் 80 கி.மீ. வேகத்தில் மட்டும் வந்தால், அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிடுங்கள். அப்போதும் அதிர்வு தொடர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோ சக்கரமோ.

இன்ஜின் பக்கம் என்றால், முதல் சந்தேகம் ஃபிளைவீல் அல்லது ஃபிளெக்ஸ் பிளேட் (ஆட்டோமேட்டிக்கில் ஃபிளைவீலுக்குப் பதில் வருவது). செவ்ரோலெட் 350 ஸ்மால் பிளாக்கில் 1986-இலிருந்து பின்பக்க ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியது. அந்த இன்ஜின்களுக்குச் சமநிலை எடையின் ஒரு பகுதி ஃபிளைவீலில் இருக்கும். அதற்கு முந்தைய இரண்டு துண்டு சீல் 350-க்கு ஃபிளைவீலில் எடை கிடையாது. போல்ட் வட்டமும் வேறு என்பதால் அதை நேராக மாட்ட முடியாது; ஆனால் இடைத்தகடு, மாற்று ஃபிளைவீல் என்று போகும்போது குழப்பம் வரும். ஃபோர்டு 302-இல் ஆபத்து அதிகம். 1980-களின் தொடக்கம்வரை 28 அவுன்ஸ் சமநிலை, அப்புறம் 50 அவுன்ஸ். இரண்டும் அதே போல்ட்டில் உட்காரும்! 50-க்கு 28 மாட்டினால் இன்ஜின் ஓடும், கிளட்ச் வேலை செய்யும், பேரிங் மெதுவாகச் சாகும். முன்பக்க டாம்பரையும் (கிராங்கின் முன்முனைச் சக்கரம்) அதே அளவில் பார்க்க மறக்காதீர்கள்.

ஷாஃப்ட் பக்கம் என்றால் கோணம். ஷாஃப்ட்டின் முனையில் வளைய விடுகிற யூ-ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். பின்பக்க ஜாயிண்ட் அதே அளவு கோணத்தில் எதிராக இருந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். அதனால்தான் கியர்பாக்ஸின் வால் 3 டிகிரி கீழே சாய்ந்தால், டிஃபரன்ஷியலின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். இரண்டு கோடும் இணையாக. வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்கட்டும், ஜாயிண்ட்டின் வேலைக் கோணம் 3 டிகிரியைத் தாண்டாமல் இருக்கட்டும். ஆனால் சுழியமும் கூடாது, ஊசி பேரிங் ஒரே இடத்தில் அமர்ந்து குழி பறிக்கும்.

ஒரு ரேஞ்சரில் 70 கி.மீ. வேகத்தில் இருக்கைக்குக் கீழே ஒரு ரீங்காரம். ஷாஃப்ட்டை இரண்டு முறை கழற்றி பேலன்ஸ் செய்ய அனுப்பினேன். இரண்டு முறையும் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. மூன்றாம் முறை கழற்றும்போதுதான் கோணத்தை அளந்தேன். சைலன்சர் குழாய்க்கு வழிவிடக் கியர்பாக்ஸ் குறுக்குச்சட்டத்தின் கீழே நானே வைத்த இரும்புத் துண்டு, வாலை இரண்டரை டிகிரி தூக்கியிருந்தது. துண்டை எடுத்ததும் ரீங்காரம் போயிற்று. குழாயை வளைத்துத்தான் வழி செய்தேன்.

வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டு அளக்காதீர்கள். சக்கரம் தரையில், வழக்கமான எடையோடு இருக்க வேண்டும். ஷாஃப்ட் நீளத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸுக்குள் போகும் நுகம் (ஷாஃப்ட்டின் முன்முனை) முழுக்க உள்ளே முட்டிய நிலையிலிருந்து சுமார் 20 முதல் 25 மி.மீ. வெளியே இருக்கட்டும். மேட்டில் ஏறி இறங்கும்போது அது முட்டினால் கியர்பாக்ஸின் பின்பக்கம் உடையும்.

ஆட்டோமேட்டிக் கியர்: ஊளை, அல்லது தாமதமாக விழுவது

போல்ட் முறுக்கும் முன்பே பெல் ஹவுசிங் பிளாக்கோடு கையாலேயே ஒட்ட வேண்டும். போல்ட்டை வைத்து இழுத்து ஒட்டியிருந்தால், இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் முழுதாக உள்ளே உட்காரவில்லை. கியர்பாக்ஸின் முன்பக்கப் பம்ப் நசுங்கிவிட்டது. ஊளை அங்கிருந்துதான். சரியாக உட்கார்ந்த கன்வர்ட்டருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மி.மீ. இருக்கும், அதை முன்னே இழுத்து போல்ட் போடுவோம். எல்.எஸ். இன்ஜினைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்த்தால் பெரும்பாலானவற்றில் கிராங்கின் பின்முகம் சுமார் 10 மி.மீ. முன்னால் இருக்கும், அதற்கென்று ஒரு இடைத்துண்டு வேண்டும்.

700-ஆர்4 கியர்பாக்ஸ் என்றால் த்ராட்டில் கேபிள் ஒன்று கியர்பாக்ஸுக்குப் போகும். கியரை எப்போது மாற்றுவது என்பதற்கு மட்டும் அது இருப்பதாக நினைத்து ஏனோதானோவென்று கட்டுகிறோம். உள்ளே ஆயில் அழுத்தத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. கேபிள் தளர்ந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் வழுக்கி எரியும். ஒரு நாள் ஓட்டம் போதும். முழு த்ராட்டிலில் கேபிளும் முழுதாக இழுபட்டிருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் வண்டியைச் சாலையில் இறக்க வேண்டாம்.

மிதித்தால் 'டங்' என்று இடிக்கிறது

மிதிக்கும்போது இன்ஜினின் இடப்பக்கம் மேலே எழும். எண்ணெய்த் தொட்டி குறுக்குச்சட்டத்திலோ, சைலன்சர் குழாய் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டிலோ தட்டும். சந்தேகப்படுகிற இடத்தில் களிமண் உருண்டை ஒட்டிவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். எங்கே நசுங்கியதோ அங்கே இடி. ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் நசுங்கியிருந்தால் அன்றைக்கே சரி செய்யாமல் ஓட்டாதீர்கள்.

பிரேக் கல் மாதிரி இருக்கிறது

பெரிய கேம் போட்ட இன்ஜினுக்கு ஐடிலில் வேக்குவம் குறைவு. சாதாரண இன்ஜின் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவு காட்டும். 15-க்குக் கீழே போனால், வேக்குவத்தால் இயங்கும் பிரேக் பூஸ்டர் திணறும். கேஜ் மாட்டிப் பாருங்கள். குறைவென்றால் தனி வேக்குவம் பம்ப், இல்லையென்றால் கேமை மாற்றுங்கள்.

மீட்டர்கள் பொய் சொல்கின்றன

நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தீப்பொறி விடும், வி-6 மூன்று, வி-8 நான்கு. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் வி-8-ஐ வி-6 மீட்டரோடு இணைத்தால் 600 என்பது 800 ஆகத் தெரியும். நாலு சிலிண்டர் மீட்டரில் 1,200. எல்.எஸ். கம்ப்யூட்டரோ நாலு சிலிண்டர் மாதிரி சுற்றுக்கு இரண்டு துடிப்புதான் அனுப்பும், எனவே அதே வி-6 மீட்டர் 600-ஐ 400 என்று காட்டும். எண்ணெய் அழுத்தமும் சூடும் தப்பாகக் காட்டினால் பழைய இன்ஜினின் சென்சாரையே புதிதில் திருகிப் பாருங்கள். மீட்டருக்கு ஜோடி அதுதான்.

சாவியை எடுத்தும் இன்ஜின் நிற்கவில்லை

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆல்டர்னேட்டரைத் தட்டி எழுப்பும் மெல்லிய வயரை இக்னிஷன் வயரோடு நேராகச் சேர்த்திருக்கிறீர்கள். சாவி அணைந்ததும் ஆல்டர்னேட்டர் அந்த வயர் வழியாகவே இக்னிஷனுக்குக் கரண்ட் ஊட்டுகிறது. அந்த வயரில் ஒரு டையோடோ, டாஷ்போர்டு பல்போ வைத்தால் தீரும். எலெக்ட்ரிக் ஃபேனும் இதையே செய்யும்: அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கிற மோட்டார், கரண்ட் உண்டாக்கி ரிலேயை ஓரிரு விநாடி பிடித்து வைத்திருக்கும். எது என்று பிரிக்க, ஃபேன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுச் சாவியை அணையுங்கள். உடனே நின்றால் ஃபேன். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டரின் மெல்லிய வயரை உருவுங்கள், இரண்டு துடிப்பில் அடங்கிவிடும்.